கேமராவுக்கு முன்னால் பிலிம்: நம்ம ஊட்டி இந்து நகர் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வெளியே பனி இறங்கிவிட்டது, இன்றைக்கு வேறு வேலையும் இல்லை. ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் சமீபமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பழைய பிலிம் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். யாஷிகா வாங்கறதா, பென்டாக்ஸ் வாங்கறதா, ரஷ்யன் ஜெனிட் மலிவா கிடைக்குது, அதை எடுத்துக்கறதா?" செல்போனிலேயே ஆயிரம் படம் எடுக்கும் தலைமுறை, முப்பத்தாறே படம் எடுக்கும் பொருளைத் தேடிப் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் வரலாறு நடத்தியவன். கடைக்காரர் சொல்கிற மாதிரி "இதை எடுத்துக்கப்பா" என்று சொல்ல வராது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கேமராவுக்குள் போடுகிற பிலிம் இன்றைக்குக் கிடைக்கிறதா?

கேமரா வகைகள் எல்லாமே பிலிமின் பிள்ளைகள். பிலிமின் அளவு மாறியபோதெல்லாம் கேமராவின் உருவம் மாறியது. படம் எடுத்துக்கொள்ளும் வசதி படைத்தவர் யார் என்பதும் மாறியது. இது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போகலாம். நீலகிரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியா தன் சொந்த பிலிமைத் தயாரித்த ஆலை நம் ஊட்டியில்தான் இருந்தது. மஞ்சூரிலிருந்து ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் இந்து நகர். இப்போது போனால் புல்லும் துருப்பிடித்த கட்டடங்களும்தான்.

முதலில் இருந்து வருகிறேன்.

1860களில் ஊட்டிக்கு இளைஞனாக வந்து சேர்ந்தவர் ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர். தோடர், கோத்தர், படகர் படங்களும் பழைய ஊட்டி ஏரிப் படங்களும் இன்று லண்டன் வரை பல சேகரிப்புகளில் இருக்கின்றன. அதில் கணிசமானவை அவரும், சென்னையிலும் ஊட்டியிலும் ஸ்டூடியோ வைத்திருந்த நிக்கோலஸ் சகோதரர்களும் எடுத்தவை. அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது, கண்ணாடித் தகடு. கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். அதனால் மலையில் எங்கே படம் எடுக்கப் போனாலும் இருட்டுக் கூடாரம், ரசாயனக் குப்பிகள், கண்ணாடிப் பெட்டிகள், தூக்க ஆட்கள் என்று ஒரு பட்டாளமே போக வேண்டும். கேமரா ஒரு மரப் பெட்டி, துருத்தி, முக்காலி, மேலே கறுப்புத் துணி. எதிரே உட்கார்ந்தவர் சில விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். பழைய படங்களில் தோடர் முகங்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று சிலர் பெரிய விளக்கம் எல்லாம் எழுதுகிறார்கள். பாதி விளக்கம் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. மீதிப் பாதி, படத்தை யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார் என்பதில்.

இந்தக் கொலோடியனைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். அதைக் கரைத்தால் கொலோடியன். அதே சரக்கில் கற்பூரம் சேர்த்துத் தகடாக்கினால் செல்லுலாய்டு. 1889இல் ஈஸ்ட்மன் விற்கத் தொடங்கிய வளையும் பிலிமும், சினிமாவின் முதல் அரை நூற்றாண்டு பிலிமும் அதுதான். அதே சரக்கை வேறு விதமாகப் பிசைந்தால் கார்டைட் என்ற வெடிமருந்து. குன்னூர் பக்கத்தில் அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் கார்டைட் ஃபேக்டரியின் மூலப்பொருளும், பழைய சினிமா தியேட்டர்கள் தீப்பிடித்ததற்குக் காரணமான பிலிமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். (இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அன்று முழுக்கத் தூங்க மாட்டார்கள்.) பின்னால் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம் வந்தது. நம் ஊட்டியில் செய்ததும் அந்தப் பாதுகாப்பான வகைதான்.

கண்ணாடி போய்ச் சுருள் வந்ததும் கேமரா பணக்காரர் கையைவிட்டு இறங்கியது. 1900இல் ஈஸ்ட்மன் கம்பெனி ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி, அட்டைப்பெட்டிக்கு ஒரு லென்ஸ் வைத்தது போன்ற பொருள். அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்து இன்னொரு கேமராவுக்காக ஒரு சுருள் அளவு கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் 120. நம் ஸ்டூடியோக்காரர்கள் "ஒன் ட்வென்டி" என்பார்களே, அதேதான். 1901இல் பிறந்த அந்த அளவு இன்றும் தயாராகிறது, இன்றும் விற்கிறது. இடையில் வந்த 620, 127, 126, 110 எல்லாம் ஒவ்வொன்றாக மங்கிப் போக, கொள்ளுத்தாத்தா இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஒன் ட்வென்டியைக் கொண்டுவந்தது ஆக்ஃபா கிளிக் த்ரீ. ஜெர்மன் வடிவமைப்பு, பரோடாவில் உற்பத்தி. வெயில் படம் ஒன்று, மேகப் படம் ஒன்று. வெயிலா மேகமா என்று தள்ளிவிட்டு அமுக்க வேண்டியதுதான். பத்தடி தள்ளி நின்றால் தெளிவு, நெருங்கிப் போனால் கலங்கல். ஒரு ரோலில் பன்னிரண்டு சதுரப் படம். கல்கத்தா ஜாதவ்பூரில் மத்திய அரசின் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 'நேஷனல் 35' என்று ஒரு சின்னக் கேமரா செய்தது. ஆனால் வீட்டுக்கு வீடு போனது கிளிக் த்ரீதான்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளை ஓரம் வைத்த, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சதுரப் படங்கள் இருக்கும். ஏன் அத்தனை சிறிசு? அது கான்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவைக் காகிதத்தின் மேல் அப்படியே வைத்து வெளிச்சம் காட்டியது. பெரிதாக்கும் எந்திரம் வேண்டாம். நெகட்டிவ் இரண்டேகால் அங்குலம் என்றால் படமும் இரண்டேகால் அங்குலம். 35 எம்எம் பிலிமில் இது நடக்காது. அந்த நெகட்டிவ் தபால் தலை அளவு, என்லார்ஜர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, என்லார்ஜருக்குக் கரன்ட் வேண்டும். குந்தா மின்திட்டம் நம் பக்கத்து மலைகளைக் குடைந்து கரன்ட் எடுத்ததே 1960களை ஒட்டித்தான். எடுத்த கரன்ட் சமவெளிக்குப் போய்விட்டது. நம் ஹட்டிகளுக்கும் எஸ்டேட் லைன்களுக்கும் வந்து சேர நாள் பிடித்தது. ஒரு வீட்டு ஆல்பத்தில் படம் எந்த வருஷத்திலிருந்து பெரிதாகிறது என்று பார்த்தாலே அந்தப் பகுதி ஸ்டூடியோவுக்கு எப்போது வசதி வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இப்போது இந்து நகருக்கு வருவோம். எனக்குச் சொல்ல ஆசையான பகுதி இதுதான்.

1950களின் பிற்பாதியில் நாட்டில் கடுமையான அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. கச்சா பிலிம் முழுக்க இறக்குமதி. சினிமாக்காரர்கள் லைசென்ஸுக்கும் கோட்டாவுக்கும் அலைந்த காலம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் வெளியிலிருந்துதான். அதனால் 1960இல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைப் பதிவு செய்தது. தொழில்நுட்பம் பிரான்சின் போஷே கம்பெனி. உற்பத்தி தொடங்கியது 1967இல். ஏன் ஊட்டி? தூசியில்லாத காற்று, குளிர், நல்ல தண்ணீர். ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து, அதை மெல்லிய படலமாகப் பூசிக் காயவைக்கும் வேலைக்கு வெப்பமும் தூசியும் எதிரிகள். ஒரு தூசித் துகள் விழுந்தால் அந்த இடத்தில் நடிகையின் கன்னத்தில் ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் விழுந்தால் நோயாளியின் நுரையீரலில் ஒரு புள்ளி. இரண்டாவது இன்னும் மோசம்.

பிராண்ட் பெயர் 'இந்து'. மதத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வடமொழியில் இந்து என்றால் நிலா. வெள்ளியை வைத்துச் செய்யும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எக்ஸ்ரே பிலிம், கருப்பு வெள்ளை சினிமா பிலிம், ஸ்டூடியோக்களுக்கான ரோல், பிரிண்ட் போடும் பேப்பர் எல்லாம் இந்தப் பெயரில் போயின. எல்லா நிறத்துக்கும் கூசுகிற பிலிம் என்றால் பூச்சு வேலையைக் கும்மிருட்டில்தான் செய்ய முடியும். சிவப்பு விளக்குகூடக் கூடாது. பகல் ஷிப்டிலும் இருட்டில் சுவரைத் தடவி நடந்து, கையால் தொட்டே எந்திரத்தை அறிந்த மனிதர்கள் ஊட்டித் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். நாடு முழுக்க எத்தனை கல்யாணம், எத்தனை உடைந்த எலும்பு அவர்கள் கை வழியாகப் போயிருக்கும்!

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த நேரடிப் பாடம் ஹால் டிக்கெட் போட்டோ. வருஷத்துக்கு ஒரு நாள் ஸ்டூடியோக்காரர் வருவார். மைதானத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டுவார். பெஞ்சில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து ஒரே பிரேமில் எடுப்பார். பிறகு பிரிண்டை நடுவில் வெட்டி ஆளுக்கொரு படம். பன்னிரண்டு பிரேம் ரோலில் இருபத்துநாலு பிள்ளைகள். சிக்கனம் என்றால் அதுதான். தோழிகள் இருவர் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அவருக்குக் கோபம் வரும்.

அவர் கையில் இருந்தது இரட்டைக் கண் கேமரா, டி.எல்.ஆர். மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் எடுப்பதற்கு. 1929இல் ஜெர்மனியின் ரோலைஃப்ளெக்ஸ் பிரபலமாக்கிய வடிவம். நம்மூர் ஸ்டூடியோக்களுக்குப் பெரும்பாலும் ஜப்பான் யாஷிகா மேட்டாகவும் சீனாவின் சீகலாகவும் வந்தது. குனிந்து இடுப்பு மட்டத்தில் பார்த்து எடுப்பதால் எதிரே இருப்பவருக்குக் கூச்சம் இல்லை. பெரிய நெகட்டிவ் என்பதால் கூர்மையான பென்சிலால் நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்தலாம், அம்மைத் தழும்பை மறைக்கலாம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் 35 எம்எம்முக்கு மாறத் தயங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் குட்டி நெகட்டிவில் பென்சில் வேலை நடக்காது.

35 எம்எம் என்பது உண்மையில் சினிமாப் பிலிம். சினிமா பிரேம் இரண்டைச் சேர்த்து ஒரு படமாக்கி 1925இல் லைகா சந்தைக்கு வந்தது. ரோலுக்கு முப்பத்தாறு படம், சட்டைப் பையில் அடங்கும் கேமரா. இதிலிருந்து இரண்டு கிளை பிரிகிறது. ஒன்று ரேஞ்ச்ஃபைண்டர்: தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கினால் ஃபோகஸ். 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 இந்த இனம். இன்னொன்று எஸ்.எல்.ஆர்.: உள்ளே ஒரு கண்ணாடி, லென்ஸ் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள். 1959 நிக்கான் எஃப், 1976 பென்டாக்ஸ் கே1000, சோவியத் ஜெனிட் எல்லாம் இந்த வீடு. கல்யாண வீடுகளில் எண்பதுகளில் இது வந்த பிறகுதான் மாப்பிள்ளை பெண் அசையாமல் நிற்பது குறைந்தது. அப்புறம் 'ஹாட் ஷாட்' விளம்பரத்துச் சின்னக் கேமராக்களும், தொண்ணூறுகளில் கோடக் கேபி10ம். அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அமுக்கினால் விழும்.

இந்து நகர் எங்கே விழுந்தது? சினிமா வண்ணத்துக்கு மாறியது, கல்யாணமும் வண்ணத்துக்கு மாறியது; நம் ஆலையின் பலம் கருப்பு வெள்ளையில். எக்ஸ்ரேயை நம்பி அமெரிக்க டூபாண்ட் தொழில்நுட்பத்தில் பாலியெஸ்டர் பிலிமுக்குப் பெரிய கடனில் புது ஆலை எழுப்பினார்கள். அது முழுசாக ஓடத் தொடங்கும் காலத்தில் 1991 தாராளமயம் வந்து இறக்குமதிச் சுவர் தாழ்ந்தது. வட்டி ஏறியது, தொண்ணூறுகளின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்ற முத்திரை. டிஜிட்டல்தான் ஆலையைக் கொன்றது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிஜிட்டல் கேமரா நம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே இங்கே மூச்சு வாங்கிவிட்டது. டிஜிட்டல் வந்தது பிணத்துக்கு மாலை போட. ஊழியர்கள் பல வருஷம் வேலையும் இல்லாமல் முடிவும் இல்லாமல் காத்திருந்த பிறகு, 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கதவு மூடியது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டும் செக் நாட்டில் ஃபோமாவும் இதே கருப்பு வெள்ளையைச் சின்ன அளவில் விடாமல் செய்து இன்று உலகம் முழுக்க விற்கின்றன. உங்களைப் போன்ற பிள்ளைகள் இன்று விலை கொடுத்து வாங்குவது அவர்கள் சரக்கைத்தான். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, எதை வாங்குவது? 35 எம்எம்முக்கோ ஒன் ட்வென்டிக்கோ உரிய கேமரா மட்டும் வாங்குங்கள். 127 போடும் அழகான குட்டிக் கேமராக்கள், 126, 110 கேமராக்கள் ஷோகேஸுக்குச் சரி. பிலிம் தேடியே ஓய்ந்துவிடுவீர்கள். 620 கேமரா வீட்டில் இருந்தால் கைவிட வேண்டாம், அது 120இன் அதே பிலிம், சுருளின் தண்டு மட்டும் மெல்லிசு. இருட்டில் மாற்றிச் சுற்றலாம். கற்றுக்கொள்ள என்றால் என் ஓட்டு கே1000 போன்ற எஸ்.எல்.ஆருக்கு. பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும்தான், பேட்டரி செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும். எலெக்ட்ரோ 35 அப்படி இல்லை, பேட்டரி இல்லாவிட்டால் ஒரே வேகம்தான். அதன் பழைய பாதரச பேட்டரியும் இப்போது கிடையாது, மாற்று அடாப்டர் தேட வேண்டும். கிளிக் த்ரீ கிடைத்தால் விடாதீர்கள், உடைவதற்கு அதில் ஒன்றுமில்லை. மடக்குக் கேமரா என்றால் இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஊசி ஓட்டை இருந்தால் நட்சத்திரம் போலத் தெரியும். ஒரு ரோல், கழுவுதல், ஸ்கேன் மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் கேமராவுக்கு மொத்தப் பணத்தையும் கொட்டாதீர்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஒன்று, பூஞ்சை. மஞ்சூர் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். வாங்கும் முன் லென்ஸைத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்தால் நிச்சயம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இரண்டு, பனிமூட்டம். மூடுபனியின் வெண்மையைப் பார்த்து வெளிச்சமானி ஏமாந்துபோகும், படம் அழுக்குச் சாம்பலாக விழும். மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள்.

கேமராவைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நம் மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனை! பல வீடுகளில் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் பாஸ்போர்ட்டில் ஒட்டியதுதான். இங்கே வந்த பிறகு ரேஷன் கார்டுக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்தவற்றின் நெகட்டிவ்கள், மூடிய ஸ்டூடியோக்களின் பரண்களில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஹட்டிகளின் கல்யாணங்களும் சாவு வீடுகளும் அதே பரணில்தான். கடையைக் காலி செய்யும்போது குப்பையில் கொட்டிவிடுகிறார்கள், அல்லது வெள்ளி எடுப்பவரிடம் எடைக்குப் போகிறது. எண்பதுகளின் கலர் பிரிண்ட்கள் சிவந்து வெளிறிவிட்டன. ஒழுங்காகக் கழுவிய பழைய கருப்பு வெள்ளை நெகட்டிவ் இன்றும் அப்படியே இருக்கும். ஈரத்தில் கிடந்த அசிடேட் பிலிமில் மட்டும் வினிகர் வாடை வரும். வந்தால் அதை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், வாடை பக்கத்துப் பெட்டிக்கும் பரவும்.

உங்கள் ஊரில் ஸ்டூடியோ மூடுகிறது என்று கேள்விப்பட்டால் போய் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையில் போடாமல் சாதாரணக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் ஊர் பெயரையும் தெரிந்த வருஷத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பார்க்க எந்திரம் வேண்டாம். ஒரு போனில் திரையை வெள்ளையாக வைத்து, அரை அங்குலம் மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் முகத்தில் விழும், அதற்குத்தான் அந்த அரை அங்குலம்.